பதினொரு பேனா

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த கார்மென்ட்ஸுக்குப் போவேன். பெங்களூரின் ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி தாண்டி உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் மூன்று மாடிக் கட்டடம். எச்.ஆர். அறையில் டீ வரும், பிஸ்கட் வரும், பின்னாலேயே நீல அட்டை போட்ட மினிட்ஸ் நோட்டு வரும். 'இந்தக் காலாண்டில் புகார் ஏதும் இல்லை' என்று முன்கூட்டியே டைப் அடித்து ஒட்டியிருப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, டிராஃபிக் கூடுவதற்குள் கிளம்பிவிடுவேன். இரண்டு வருடத்தில் இப்படி எட்டுக் கையெழுத்து. இந்தக் கட்டுரையில் மற்றவர்களைக் குறை சொல்லும் இடம் நிறைய வரும் என்பதால் என் பங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே நான் உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினர். தமிழ்ப் பத்திரிகைகள் இன்னமும் 'விசாகா கமிட்டி' என்று எழுதுகிற குழு அது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் வந்த சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஒவ்வொரு இடத்திலும் இது இருந்தாக வேண்டும். தலைவர் அங்கேயே மேல்நிலையில் இருக்கும் ஒரு பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒருவர் கட்டாயம் வெளியாள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் சம்பளம் கொடுப்பவர் ஒருவரே என்பதால்தான் அந்த வெளியாள்.

இதே சட்டத்தின் 16ஆம் பிரிவு புகார் கொடுத்தவர், எதிர்தரப்பு, சாட்சிகள் என யாருடைய அடையாளத்தையும் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. ஆள் அடையாளம் தெரியாமல், கிடைத்த நீதியைப் பற்றி எழுதலாம் என்றும் சொல்கிறது. அதனால் இங்கே பெயர்கள் இல்லை. லைன் எண், ஊர், வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பேனாவை மட்டும் மாற்றவில்லை.

லைன் 5

சுமார் அறுநூறு பேர் வேலை செய்யும் இடம், முக்கால்வாசி பெண்கள். ஆண்கள் சட்டை தைத்து ஏற்றுமதி. காலையில் மெஷின் ஓடத் தொடங்கினால், சூப்பர்வைசர்கள் 'பேக, பேக' என்று கன்னடத்தில் விரட்டும் சத்தம் சாயங்காலம் வரை ஓயாது. காலர், கஃப், ஸ்லீவ் என்று துண்டு துண்டாக வந்து லைன் கடைசியில் சட்டையாகும். டெய்லர்களுக்குப் பக்கத்தில் ஹெல்ப்பர்கள். நூல் வெட்டுவது, பண்டில் தூக்குவது, பீஸ் எண்ணுவது அவர்கள் வேலை. டெய்லர்கள் கம்பெனி ரோலில் இருப்பார்கள். ஹெல்ப்பர்களில் பாதிப் பேர் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பெண்கள், வட கர்நாடகப் பெண்கள், இப்போது கொஞ்ச காலமாக ஒடிசாப் பெண்கள்.

புகார் கொடுத்தவர் அப்படி ஒரு ஹெல்ப்பர். தர்மபுரிப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இருபத்துநாலு வயது, மூன்று வயதில் ஒரு பிள்ளை. கணவருக்கு ஓசூரில் லோடிங் வேலை.

லைன் சூப்பர்வைசர் என்பது வெளியே இருப்பவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியும். முதலாளிக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஒரு ஹெல்ப்பரின் நாள் முழுக்க அவர் கையில் இருக்கிறது. லீவு சீட்டில் அவர் கையெழுத்து. சீக்கிரம் வெளியே போக கேட் பாஸ், அதிலும் அவர் கையெழுத்து. பாத்ரூம் போக டோக்கன், அது அவர் மேசையில். யாருக்கு ஓ.டி. (ஓவர்டைம்), யாருக்கு ஸ்டீம் அயர்ன் மேசை, யாருக்கு ஃபேனுக்குக் கீழே இடம், எல்லாமே அவர் வாய்ச்சொல். ஆணும் பெண்ணும் ஒன்றாக வேலை செய்தால் இப்படியெல்லாம் நடக்கத்தானே செய்யும் என்பவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படிக்கலாம்.

இந்த சூப்பர்வைசருக்கு ஒரு வழக்கம். கேட் பாஸை நீட்டினால் அவருடைய இரண்டு கையிலும் சட்டைப் பீஸ் இருக்கும். "பேனா பாக்கெட்ல இருக்கு, எடு" என்பார். பாக்கெட் என்றால் அவர் சட்டையின் மேல் பாக்கெட். எடுத்துக் கொடுத்தால் கையெழுத்து. எடுக்காமல் நின்றால், "அவசரமில்லபோல, அப்ப நில்லு."

இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். பேனா எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆபாசமாக ஒரு வார்த்தை கிடையாது. அவர் கை இவர் மேல் படவும் இல்லை. பட்டது இவருடைய கைதான், அவர் நெஞ்சின் மேல். இவ்வளவு அற்பமாக இருந்ததுதான் அவருக்குப் பாதுகாப்பு.

அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் கால் வர ஆரம்பித்தது. எடுக்காவிட்டால் மறுநாள் ஸ்டீம் அயர்ன் மேசை. ஒரு நாள் பண்டில் ரேக்குக்குப் பின்னால் இடுப்பில் கை. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய ரேக், மறுபக்கம் நிற்பவர் தெரியமாட்டார். கையைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்த வாரமே ஓ.டி. நின்றது. வீட்டுக்காரம்மாவிடம் விட்டிருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அன்று, மூன்று மணிக்கு நீட்டிய கேட் பாஸில் நாலே முக்காலுக்குத்தான் கையெழுத்து விழுந்தது.

"மேடம், தமிழ்ல பேசலாங்களா?"

குழுவின் பெயர்ப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது முதலாளியின் கடமைகளில் ஒன்று. அங்கே அது எச்.ஆர். அறைக் கதவின் உள்பக்கம் இருந்தது, ஆங்கிலத்தில். கீழே என் செல் நம்பர். இவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், கன்னடம் பேச மட்டும் வரும். சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்கப் போனபோது போர்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, பி.யூ.சி. படிக்கும் வீட்டுக்காரம்மா மகளிடம் காட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் போன். அரை மணி நேரம் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றியே பேசினார். பேனா கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வந்தது.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் வேலை. இரண்டும் 9ஆம் பிரிவிலேயே இருக்கின்றன, ஆனால் கம்பெனிகள் முதல் பாதியைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். அவர் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஓரிடத்தில் நானாக 'பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்' என்று சேர்த்திருந்தேன். வாங்கிப் படித்தவர், "இது நான் சொல்லலீங்களே" என்றார். அடித்துவிட்டு, 'பேனாவை எடுக்கச் சொல்லிட்டு நெஞ்சை முன்னாடி தள்ளிக்கிட்டு நிப்பாரு' என்று அவர் சொன்னதையே எழுதினேன். பின்னால் விசாரணையில் அசைக்க முடியாமல் நின்றது அந்த வரிதான்.

திங்கட்கிழமை எச்.ஆர். மேலாளரிடம் கொடுத்தேன். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் மூன்று தவறு செய்தார்.

முதலில், "இவங்க நம்ம ரோல்லயே இல்லையே மேடம், கான்ட்ராக்டர் ஆளு" என்றார். சட்டத்தில் பணியாளர் என்ற சொல்லுக்குள் கான்ட்ராக்ட், தினக்கூலி, தற்காலிகம், பயிற்சி எல்லோரும் அடக்கம். முதன்மை முதலாளிக்கு, அதாவது கம்பெனிக்கு, தெரியாமல் கான்ட்ராக்டர் கொண்டுவந்த ஆளும் அடக்கம். அடுத்து, "முதல் சம்பவம் அஞ்சு மாசத்துக்கு முன்னாடின்னு இருக்கு, கெடு மூணு மாசம்தானே?" என்றார். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் எண்ண வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டலாம். இங்கே கடைசிச் சம்பவம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மூன்றாவது தவறு நல்லெண்ணத்தோடு வந்தது. "அவங்களை நம்ம இன்னொரு யூனிட்டுக்கு மாத்திடலாம் மேடம், அவங்க நல்லதுக்குத்தான்." அந்த யூனிட் அத்திபெலே பக்கம். பிள்ளையை விட்டுவிட்டு அங்கே போய்வருவதற்கு அவர் வேலையையே விட்டுவிடலாம். 12ஆம் பிரிவில் உள்ள இடமாற்றம், மூன்று மாதம் வரையிலான விடுப்பு எல்லாம் புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால்தான். மாற்றப்படுகிறவர் எதிர்தரப்பாகவும் இருக்கலாம். புகார் கொடுத்தவரைத் தூக்கித் தூரமாகப் போட்டால் அந்த ஃப்ளோர் முழுக்க அதைத் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அவர் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். நான் என் இடத்திலேயே இருக்கிறேன், அவர் என் சீட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. சூப்பர்வைசரை கட்டிங் பிரிவுக்கு மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள்.

கண்ணாடி அறை

காலக்கெடுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகார் நகல் 7 வேலை நாளுக்குள் எதிர்தரப்புக்குப் போக வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை அதன்பின் 10 நாளில், முதலாளியின் நடவடிக்கை 60 நாளில். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. உட்காரும் குழுவில் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர். இதெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது. கோளாறு வேறு இடத்தில்.

குழுத் தலைவர் எச்.ஆர். துணை மேலாளர். அவருடைய இன்கிரிமென்ட்டில் புரொடக்‌ஷன் மேனேஜரின் வார்த்தைக்கு எடை உண்டு. லைன் 5 டார்கெட்டைத் தாண்டுகிற லைன். விசாரணையின் முதல் நாளே புரொடக்‌ஷன் மேனேஜர் கதவைத் தட்டி, "ஷிப்மென்ட் முடியட்டுமே மேடம், அதுக்கப்புறம் வெச்சிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் அந்த வருகையை நேரத்தோடு மினிட்ஸில் எழுதினேன். அப்புறம் அவர் வரவில்லை. ஆனால் ஒன்று, நான் வெளியாள், எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தலைவர் மறுநாளும் அதே கேன்டீனில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். குழுவுக்கு ஆள் போடும்போது முதலாளிகள் யோசிக்காத இடம் இது. தலைவராக இருப்பவரின் சம்பள உயர்வு, இடமாற்றம் எல்லாம் யார் கையில் என்று பார்த்துவிட்டுப் பெயர் எழுத வேண்டும்.

லைன் 5இல் ஆறு பேரைக் கூப்பிட்டோம். ஆறு பேருக்கும் "ஒண்ணும் தெரியாதுங்க". தெரியாது என்றுதான் சொல்வார்கள், அவர்களை உட்காரவைத்த அறைக்குச் சுவர் கண்ணாடி. வெளியே போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். அந்த அறைக்கு ஒத்துக்கொண்டது என் மடத்தனம். ஏழாவது ஆளிலிருந்து குழந்தைகள் காப்பகத்தின் பின்னறைக்கு மாறினோம்.

ஏழாவது ஆள் ஒரு மூத்த டெய்லர், ஸ்ரீராமபுரத்துத் தமிழ். அவரும் தெரியாது என்றார். சரி, அதையாவது எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று பேனாவை நீட்டினேன். "எங்கிட்ட இருக்குங்க" என்று ஏப்ரனுக்குள் கை விட்டு ஒரு நீலப் பேனாவை எடுத்தார். மூடிக்கு மேல் கொஞ்சம் துணி சுற்றி நூல் கட்டியிருந்தது. மெஷினில் உட்காருபவரிடம் பேனா இருக்க வேலை இல்லை. அளவு போடச் சாக்பீஸ் இருக்கிறது, எண்ண ஸ்டிக்கர் இருக்கிறது.

"டெய்லருக்குப் பேனா எதுக்குக்கா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். எழுதிய காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "இதைக் கிழிச்சிடுங்க. அவன் பாக்கெட்ல கை விடறதுக்கு, அஞ்சு ரூபா போட்டு நம்ம பேனாவே வெச்சிக்கலாம்னு நான்தான் எல்லாத்துக்கும் சொன்னேன்."

கிழிக்கவில்லை. முதல் வாக்குமூலத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டே இரண்டாவதை எழுதினோம். அந்த லைனில் பதினொரு பெண்களிடம் சொந்தப் பேனா இருந்தது. அதில் மூன்று பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். முன்பு தெரியாது என்ற ஆறு பேரையும், விருப்பம் இருந்தால் வரலாம் என்று காப்பக அறைக்கு அழைத்தோம். நாலு பேர் வந்தார்கள். மற்ற இரண்டு பேர் வரவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை.

ஓ.டி. ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தோம். பண்டில் ரேக் சம்பவம் என்று புகார் கொடுத்தவர் சொன்ன வாரத்திலிருந்து அவர் பெயருக்கு நேரே ஓ.டி. கட்டம் காலி. அதற்கு முன் வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் இருந்த ஆள். கேட் செக்யூரிட்டியின் நோட்டில் அந்தக் காய்ச்சல் நாளின் வெளியேறிய நேரம் இருந்தது. சாட்சி இல்லாத வழக்கு என்று தொடங்கியதில், கடைசியில் கம்பெனியின் சொந்தக் கணக்கே முக்கியச் சாட்சி.

எதிர்தரப்பு சொன்னது இது. "விளையாட்டுக்குச் சொன்னது மேடம். யாரும் வேணாம்னு சொல்லலையே." சட்டம் பார்ப்பது அந்த நடத்தையை எதிரில் இருந்தவர் விரும்பினாரா என்று. சொந்தப் பேனா வாங்கியதைவிடத் தெளிவாக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. குற்ற வழக்குபோல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழு நியாயமாக முடிவுக்கு வந்தால் போதும்.

நடுவில் கான்ட்ராக்டர் ஒரு தொகையோடு புகார் கொடுத்தவர் வீட்டுக்குப் போனார். புகார் கொடுத்தவர் கேட்டால் விசாரணைக்கு முன் சமரசம் உண்டு, பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் கிடையாது என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. இவர் சமரசமே கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா கான்ட்ராக்டரைப் படியேற விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சூப்பர்வைசரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைத்தோம், செய்தார்கள். இழப்பீட்டைக் குறைக்கச் சொல்லி நிர்வாகம் இழுத்தது, கடைசியில் நாங்கள் எழுதிய தொகையே நின்றது. போலீஸுக்குப் போவதாக இருந்தால் உதவுவோம் என்று புகார் கொடுத்தவரிடம் சொன்னோம், அதுவும் முதலாளியின் கடமைதான். அவர் போகவில்லை. எட்டு மாதம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு வேறு யூனிட்டுக்குப் போனார். சம்பளம் கொஞ்சம் கூட என்றார். வேறு காரணமும் இருந்திருக்கலாம், நான் துருவிக் கேட்கவில்லை.

மெமோ

விசாரணை முடிகிற நேரத்தில் குவாலிட்டி பிரிவின் ஃபைலில் ஒரு காகிதம் கண்ணில் பட்டது. புகாருக்கு நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. வெள்ளைச் சட்டைகளில் நீல மைக்கறை. லைன் 5இல் ஹெல்ப்பர், டெய்லர் யாரும் பேனா வைத்திருக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை. குவாலிட்டி, புரொடக்‌ஷன், எச்.ஆர். மூன்று பேரின் கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பேனா மூடிகளில் துணி சுற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

மற்ற லைன்களில் மைக்கறை இல்லை. ஏன் இந்த லைனில் மட்டும் என்று மூன்று பேரில் ஒருவர் கேட்டிருந்தால் நாலு மாதம் மிச்சம். வேலையை விட்டு நின்றவர்களின் பட்டியலும் எச்.ஆர். கம்ப்யூட்டரில் லைன் வாரியாகவே இருந்தது, அதிலும் லைன் 5தான் முன்னால். 'சொந்த ஊர் போகிறேன்' என்று காரணம் எழுதியிருந்தார்கள். எட்டுக் காலாண்டுக் கூட்டத்திலும் இந்த இரண்டு காகிதத்தையும் நான் கேட்டதில்லை. 'புகார் எத்தனை' என்று மட்டும் கேட்டேன்.

இதே ஓசூர் ரோட்டை 2016 ஏப்ரலில் இந்தக் கார்மென்ட்ஸ் பெண்கள்தான் அடைத்து உட்கார்ந்தார்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற புது விதியை மத்திய அரசு வாபஸ் வாங்கியது அப்போதுதான். பயந்தவர்கள், வாயில்லாதவர்கள் என்று இவர்களைப் பற்றிப் பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும். பி.எஃப். விஷயத்தில் எல்லோரும் ஒரே பக்கம். கேட் பாஸ் விஷயத்தில் ஒவ்வொருத்தியும் தனியாகப் போய் நிற்க வேண்டும்.

மாற்றியது

எம்.டி.யிடம் பேசப் போனபோது அபராதத்திலிருந்து தொடங்கினேன். குழு அமைக்காத, சட்டக் கடமையைச் செய்யாத முதலாளிக்கு 50,000 ரூபாய், மறுபடி நடந்தால் இரட்டிப்பு, லைசென்ஸ் ரத்துவரை போகலாம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றுமதி செய்பவருக்கு அந்தத் தொகை பெரிதில்லை. நின்றுபோன டெய்லர்கள் பட்டியலை எடுத்துவைத்தபோதுதான் நாற்காலியை முன்னால் இழுத்தார். காலர் தைக்கத் தெரிந்த ஒரு ஆளைத் தயார்செய்ய எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முதலில் கை வைத்தது கேட் பாஸில். சூப்பர்வைசர் கையெழுத்தை எடுத்துவிட்டு, அவருக்குத் தகவல் மட்டும் போகும்படி செய்தோம். சீட்டு டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போகும், அங்கே இரண்டு கிளார்க், அதில் ஒருவர் பெண். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத வேண்டும். பாத்ரூம் டோக்கனை ஒழித்தோம். லைன் நின்றுவிடும் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கத்தினார். நிற்கவில்லை. ஓ.டி. பட்டியல் வாரத் தொடக்கத்தில் சுவரில் ஒட்டப்படும், சுழற்சி முறையில். பண்டில் ரேக்கை நெஞ்சளவு உயரத்துக்கு வெட்டினார்கள். செலவு வெல்டிங் கூலிதான்.

பயிற்சி என்று அதுவரை வருடத்துக்கு ஒரு முறை ஸ்டாஃபுக்கு மட்டும் ஆங்கிலத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இப்போது இருபது இருபது பேராக, வேலை நேரத்திலேயே, தமிழ், கன்னடம், இந்தி, ஒடியாவில். லஞ்ச் நேரத்தில் வைத்தால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். சூப்பர்வைசர்களுக்கு இது தனியாக, நீளமாக. அதில் ஒருவர், "அப்ப பொம்பளைங்களை வேலை வாங்கவே கூடாதா?" என்றார். டார்கெட் கேட்கலாம், திட்டாமல் கேட்கலாம், கேட்க உன் சட்டைப் பாக்கெட் தேவையில்லை என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததில் எத்தனை பேருக்கு லைன் 5 கதை முன்பே தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் கூட்டத்தில் ஒருவர், "விசாகான்றது யாரு மேடம்?" என்று கேட்டார். ஆள் இல்லை, வழக்குப் போட்ட அமைப்பின் பெயர். அதன் பின்னால் இருந்தவர் ராஜஸ்தானைச் சேர்ந்த பன்வாரி தேவி. அரசுத் திட்டத்தில் கிராமப் பணியாளர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழிமுறைகளைத் தந்தது, சட்டம் வர இன்னும் பதினாறு வருடம் ஆனது. "வேலை செஞ்சதுக்கா?" என்றார் அந்தப் பெண். ஆமாம், வேலை செய்ததற்குத்தான்.

போர்டு இப்போது பெண்கள் பாத்ரூம் வழியிலும் தண்ணீர் ஃபில்டருக்கு மேலேயும் இருக்கிறது, நாலு மொழியில். மாதம் ஒரு மத்தியானம் காப்பகத்தில் நான் உட்காருகிறேன், எச்.ஆர். ஆள் கூட இருக்கக் கூடாது. குழுத் தலைவராக ஃபைனான்ஸ் பிரிவின் மூத்த பெண் அதிகாரி வந்திருக்கிறார், புரொடக்‌ஷன் மேனேஜரின் நிழல் படாத இடம். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. திண்டுக்கல் ஒப்பந்தத்தை எம்.டி.யிடம் எடுத்துச் சொன்னேன். 2022இல் ஒரு ஏற்றுமதி நிறுவனமும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் போட்டது, அதன்படி ஃப்ளோரில் கண்காணிப்பது தொழிலாளர்களே, வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை. யூனியன் என்ற வார்த்தை வந்ததும் அவர் டீ சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வருட அறிக்கையில் நாலு புகார். பையர் தரப்பில் ஆடிட்டுக்கு வந்தவர் முகம் சுளித்தார், முன்பெல்லாம் பூஜ்யம், இப்போது நாலா என்று. எம்.டி. என்னைப் பார்த்தார். பூஜ்யம் எழுதிய நோட்டையும் மைக்கறை மெமோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அந்த நாலில் மூன்று முடிந்தது. நாலாவது ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வேனைப் பற்றியது. டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு கடைசியில் இறங்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறார், வழியை மாற்றுகிறார். வேன் கான்ட்ராக்டருடையது, டிரைவர் கான்ட்ராக்டரின் மச்சான், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எச்.ஆர். பழைய பாட்டையே தொடங்கினார். முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான் என்று சட்டத்தில் இருக்கிறது. 2005 டிசம்பரில் இதே ஊரில் ராத்திரி ஷிப்டுக்கு ஏற வந்த கால் சென்டர் பெண்ணை வண்டி ஓட்டியவன் கொன்றதற்குப் பிறகு, வண்டி யாருடையது என்ற கேள்விக்கு இங்கே யாரும் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்சி செயலி நிறுவனம் ஒன்றின் டிரைவரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார் என்று 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார், அடுத்த மாதமே டிவிஷன் பெஞ்ச் அதற்குத் தடை கொடுத்தது.

எங்கள் வேனுக்கு அந்தக் குழப்பம் இல்லை. டிரைவரை மாற்றியாயிற்று, கடைசியாக ஒரு பெண் தனியாக இறங்காதபடி வழியை மாற்றச் சொல்லியிருக்கிறோம். வேனுக்குள் போர்டு ஒட்ட கான்ட்ராக்டர் இன்னும் சாக்கு சொல்கிறார், பெயின்ட் போய்விடுமாம். வருகிற புதன்கிழமை கூட்டத்துக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். காப்பகத்தின் பின்னறையில்.